கடல் பக்கத்து ஓரத்தகடு

அந்தத் தகடு பறந்து வந்து அடுத்த வீட்டு யுங்ச்சாங்கின் வலது மணிக்கட்டைக் கிழித்தபோது நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். ஆகவே புயல், தலைவிதி, நம் கையில் என்ன இருக்கிறது என்றெல்லாம் என்னிடம் யாரும் வந்து சொல்ல வேண்டாம். அன்று சொன்னவர்களை முறைத்தேன். இன்று சொன்னாலும் முறைப்பேன்.

பெங்ஹு தீவில் எங்கள் ஊரில், கடலைக் காக்கும் தாய்த்தெய்வம் மாசூவின் கோயிலுக்கு முன்னால் பெரிய தகரக் கொட்டகை ஒன்று உண்டு. திருவிழா நாடகம், கல்யாண விருந்து, வெயில் காலத்தில் வலை சரிபார்ப்பது, சீட்டாட்டம் எல்லாம் அதன் கீழேதான். கடலைப் பார்த்த பக்கத்தில் பெரிய அடுப்புகள் இருக்கும். விருந்து நாட்களில் நாங்கள் பெண்கள் நிற்கும் இடம் அது. அந்தப் பக்கத்து விளிம்பில், கூரைத் தகடும் சட்டமும் சேரும் இடுக்கை மூடிக்கொண்டு ஓர் ஓரத்தகடு நீளமாக ஓடும். காற்று கூரைக்குள் கையை நுழைத்துப் பார்ப்பது அங்கேதான். அது போனால் கூரையே போகும்.

புயல் தொடங்கிய அன்று காலையில் கோயில் கமிட்டித் தலைவர் தியென்பாவ் யுங்ச்சாங்குக்குப் போன் செய்து, கொட்டகை ஜெனரேட்டரைக் கட்டிவைக்கச் சொன்னார். அவருக்கு இரண்டு கணவாய்ப் படகு, மூன்று மாடி வீடு. போன் செய்வதற்கு வெளியே வரத் தேவையில்லையே. யுங்ச்சாங் போனான். வலை இழுப்பதில் எங்கள் துறைமுகத்தில் அவன் கைக்கு ஈடு கிடையாது. யார் கூப்பிட்டாலும் போகிற மனுஷன். கயிறு பிடிக்க நானும் போனேன். அடுத்த வீட்டுக்காரி சும்மா இருக்க முடியுமா? முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது மேலே 'டர்ர்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்ப்பதற்குள் தகடு அவன் கை மேல் இருந்தது.

மாகோங் டவுன் ஆஸ்பத்திரியில் நரம்பையும் தசைநாரையும் சேர்த்துத் தைத்தார்கள். கை பிழைத்தது. விரல்கள் மூடவில்லை.

கமிட்டிக்காரர்கள் ஆப்பிள் கூடையும் கோயில் தாயத்தும் எடுத்துக்கொண்டு யுங்ச்சாங் வீட்டுக்கு வந்தார்கள். தியென்பாவ் நாற்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். "புயல்ல யாரு என்ன பண்ண முடியும்? உயிர் தப்பினதே மாசூ அம்மா புண்ணியம்."

யுங்ச்சாங்கின் மனைவி ஸூலுவான் எழுந்தாள். கொல்லைப்புறம் போய் அந்தத் தகட்டை எடுத்து வந்து அவர் மடியிலேயே வைத்தாள். துறைமுகத்து முனையில் மீன் பொரித்து விற்கிறவள் அவள். நாள் முழுக்கக் கடல் காற்றுக்கு மேல் குரல் கொடுத்துப் பழகியவள். அன்று மட்டும் குரலை உயர்த்தவில்லை.

"மேல் பக்கம் பாருங்க. நீலப் பெயிண்ட் நல்லாத்தானே இருக்கு? இப்ப திருப்புங்க."

திருப்பினார். கீழ்ப்பக்கம் பழுப்பு நிறச் சல்லடை. அவள் விரலால் ஓர் ஓரத்தை அழுத்தினாள். காய்ந்த கடற்பாசி மாதிரி நொறுங்கி அவர் கால்சட்டையில் கொட்டியது.

"இது புயல் பிச்சது இல்ல தலைவரே. புயலுக்கு முன்னாடியே செத்துப் போச்சு. மழை மேல் பக்கத்தக் கழுவிடுது. அடியில உப்பு உக்காந்து தின்னுச்சு. கொட்டகை போட்டதுலேர்ந்து உங்க கமிட்டியில ஒருத்தராவது ஏணி வச்சு அண்ணாந்து பாத்தீங்களா?"

தியென்பாவ் துருவைத் தட்டிவிட்டார். "வீட்டுல துருப்பிடிச்ச சாமான் வச்சுக்காதம்மா. ராசி கெட்டது."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆப்பிள் கூடையை வாசல் வரை தூக்கிக்கொண்டு போய் அவர்கள் காலடியில் வைக்க நினைத்தேன். யுங்ச்சாங் கண்ணாலேயே வேண்டாம் என்றான்.

ஸூலுவான் அழுதுகொண்டு உட்காரவில்லை. படகு பழுது பார்க்கும் பட்டறைக்குப் போனாள், ஐஸ் ஃபேக்டரிக்குப் போனாள். கடலோரத்தில் யார் கூரை நின்றிருக்கிறதோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் அலுமினியம் என்றார், ஒருவர் தடிமனான எவர்சில்வர் என்றார், இன்னொருவர் எதைப் போட்டாலும் ஸ்க்ரூவைப் பாரு என்றார். கேட்டதை எல்லாம் எனக்கு வந்து ஒப்பிப்பாள். எனக்குத் தகடு என்றால் அடுப்புக்குக் காற்று மறைப்பு. அவளால் நானும் தெருவில் கூரை பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

ஓரத்தகட்டுக்குப் பின்னாலேயே அந்தப் புயலில் கொட்டகைக் கூரையும் போயிருந்தது. புதிய கொட்டகைக்கான கூட்டம் கோயிலுக்குள் நடந்தது. தியென்பாவ் தன் மருமகன் ஜுன்ஹோங்கைக் கூட்டி வந்திருந்தார். காவ்ஷியுங் நகரத்தில் கூரை காண்ட்ராக்டர். அவன் பையிலிருந்து ஓர் ஓரத்தகட்டுத் துண்டை எடுத்தபோது எல்லோரும் 'ஆ' என்றோம். தங்க நிற எவர்சில்வர். விளக்கு வெளிச்சத்தில் மாசூவின் கிரீடத்துக்குப் போட்டியாக மின்னியது.

"சாமி கோயில்னா ஜொலிக்கணும்ல?" என்றான் ஜுன்ஹோங். "இதுல ஒவ்வொரு துண்டுலயும் நன்கொடை குடுத்தவங்க பேரையும் பொறிச்சுத் தந்துடறேன்."

பேர் என்றதும் பல முகங்கள் மலர்ந்தன. ஸூலுவான் எழுந்தாள்.

"ஸ்க்ரூ எது?"

"எதுவா இருந்தா என்னக்கா? தங்கக் கலர் அடிச்சுத்தான் போடுவோம். தெரியவே தெரியாது."

"தெரியாம இருக்கணும்னு நான் கேக்கல தம்பி. கலருக்கு உள்ள என்ன?"

"சாதா இரும்பு ஸ்க்ரூதான். எல்லா ஊர்லயும் அதானே போடறோம்."

"அடியில வர்ற கூரைத் தகடு?"

"ஜிங்க் பூசின தகடு."

"அப்ப உப்புக் காத்துல எவர்சில்வர் சும்மா உக்காந்திருக்கும், அதோட ஒட்டிக்கிட்டிருக்கிற ஸ்க்ரூவும் ஜிங்க்கும் கரையும். நல்ல தங்கத்தகடு, அதப் புடிச்சு நிக்க ஒண்ணும் இருக்காது. போன தடவையாவது இத்துப்போன தகடு பறந்துச்சு. இந்தத் தடவை முழுசா, கனமா, கத்தி மாதிரி பறந்து வரும்."

தியென்பாவ் சிரித்தார். "தங்கச்சி, உன் கோவம் புரியுது. ஆனா நீ மீன் பொரிக்கிறவ. இது எஞ்சினியர் வேலை."

"நான் உங்களுக்குத் தங்கச்சி இல்ல. என் வீட்டுக்காரர் உங்களுக்கு ஜெனரேட்டர் கட்டப் போனவரு. அந்த உறவுதான் நமக்குள்ள."

யுங்ச்சாங் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். "விடு லுவான்" என்று முணுமுணுத்தான். "ஊரே பாக்குது."

"பாக்கட்டும். யாரும் எதையும் பாக்காததாலதான் உனக்கு இந்தக் கதி."

இப்போது தியென்பாவ் தன் பழைய தந்திரத்தை எடுத்தார். "நாம ஏன் சண்டை போடணும்? அம்மாகிட்டயே கேட்டுடுவோம்." பலிபீடத்துக்கு முன் மண்டியிட்டு, சாமியிடம் குறி கேட்கும் பிறைக்கட்டைகள் இரண்டையும் நெற்றியில் வைத்து, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போட்டார். ஒன்று கவிழ்ந்தும் ஒன்று நிமிர்ந்தும் விழுந்தது. சம்மதம். மறுபடி, சம்மதம். மூன்றாவது தடவையும் அப்படியே. கிழவர்கள் கைகூப்பினார்கள். எங்கள் ஊரில் மூன்று சம்மதத்துக்கு மேல் பேச்சு கிடையாது.

ஸூலுவான் பேசினாள். "என்னன்னு கேட்டீங்க?"

"சாமிகிட்ட கேட்டது சாமிக்குத் தெரியும்."

"எங்க தலைக்கு மேல வரப்போற தகடு. எங்களுக்கும் தெரியணும். என்ன கேட்டீங்க?"

பின்னாலிருந்து யாரோ "சொல்லுங்களேன் தலைவரே" என்றார்கள். அவர் முகம் சிவந்தது. "தாயே, உன் பிள்ளைங்க அன்பாக் குடுக்கிற தங்கத்தகட்ட ஏத்துக்கிறியான்னு கேட்டேன். ஏத்துக்கிட்டா."

"எந்த அம்மா மாட்டேம்பா?" என்று கத்தியேவிட்டாள் ஸூலுவான். "பிள்ளை ஆசையா ஒரு சட்டை வாங்கியாந்தா வேணாம்னு சொல்லுவாளா? போட்டா கிழியுமான்னு நீங்க கேக்கவே இல்லையே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. தியென்பாவ் கட்டைகளை அவள் முன் நீட்டினார். "அப்ப நீயே கேளு."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "கேக்க மாட்டேன். கடலுக்குப் போன அத்தனை பேரையும் பாத்துக்கிட்டிருக்கா அவ. அவகிட்டப் போயி ஸ்க்ரூ பாத்துக்கோன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு. அது நம்ம வேலை."

சாமியை அவமதித்துவிட்டாள் என்று ஒரு கிழவர் எழுந்து வெளியே போனார். கூட்டம் கலைந்தது. தங்கத்தகடு என்று முடிவானதாகக் கோயில் பலகையில் எழுதி ஒட்டினார்கள்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இத்தனை பேர் பேசினார்களே, அந்த விளிம்புக்கு நேர் கீழே நிற்பது யார்? நாங்கள்தானே? பூசணிக்காய் போட்டு அரிசி நூடுல்ஸ் கிளறுவது, மீன் உருண்டை சூப் வைப்பது, கணவாய் வதக்குவது எல்லாம் அந்த ஓரத்தில்தான். சமைக்கிற யாரையாவது ஒரு வார்த்தை கேட்டார்களா? ஸூலுவானிடம் சொன்னேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "ச்சின்ஹுவா, இது எனக்குத் தோணவே இல்லடி" என்றாள். அன்று மாலையே நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போனோம்.

ஆண்டு இறுதி நன்றி விருந்து அன்று ஒரு பெண் கூட அடுப்பு மூட்டவில்லை. தியென்பாவின் மனைவியே எங்களோடு வந்து கடற்சுவர் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தாள். "எங்க வீட்டு அடுப்பும் இன்னிக்கு லீவு" என்றாள். கமிட்டி மாகோங்கிலிருந்து சாப்பாட்டுப் பெட்டி வரவழைத்தது. அது வந்து சேர்வதற்குள் ஆறிப்போயிருந்தது. மூடியைத் திறந்ததும் வடகிழக்குக் காற்று சோற்றில் உப்பைத் தூவியது. கூட்டத்திலிருந்து வெளியேறிய அதே கிழவர் பெட்டியைத் தூக்கிக் காட்டி, "ஏம்ப்பா தியென்பாவ், இது சாமி விருந்தா, பஸ் ஸ்டாண்டு சாப்பாடா?" என்றார்.

அன்றே பேச்சுக்கு வந்தார்கள். ஸூலுவான் கேட்டது ஒன்றுதான். குளிர்காலம் முழுக்க எல்லா மாதிரியும் கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்துத் தொங்கட்டும். மழை படாத மாதிரி, எந்த ஸ்க்ரூவோ அந்த ஸ்க்ரூவோடு, எந்தக் கூரைத் தகடோ அந்தத் தகட்டோடு. காற்று ஓய்ந்ததும் கழற்றிப் பார்ப்போம். மாசூ பிறந்தநாளுக்குள் கொட்டகை போட்டுக்கொள்ளலாம்.

தங்க எவர்சில்வர் தொங்கியது. சிவப்புப் பெயிண்ட் அடித்த இரும்புத் தகடு தொங்கியது. ஸூலுவான் நம்பியிருந்த அலுமினியமும் தொங்கியது. அதை யுங்ச்சாங் இடக்கையாலேயே, பல்லால் கம்பியை இழுத்து, சட்டத்தில் கட்டினான். உதவிக்குப் போன என்னைத் தள்ளிப் போகச் சொன்னான்.

எங்கள் குளிர்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிச் சன்னலில் உப்பு தோலாகப் படியும். தோட்டத்துக் கொடி காற்றுத்தடுப்பு மதிலுக்கு மேல் தலை தூக்கினால் கருகும். அதற்குப் பின்னால் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து வரும்போது, பகல் முழுக்கக் காய்ந்த உப்பு இரவில் நசநசவென்று ஊறிவிடும். இரும்புக்கு அதைவிட வேறு எதிரி வேண்டாம்.

காற்று ஓய்ந்ததும் ஊரே கூடியது. ஜுன்ஹோங்கும் படகேறி வந்திருந்தான். முதலில் தங்கத்தைக் கழற்றினார்கள். தகடு அப்படியே ஜொலித்தது. தியென்பாவ் வாயைத் திறப்பதற்குள் ஒரு ஸ்க்ரூவின் தலை ஜுன்ஹோங்கின் கையோடு வந்துவிட்டது. அடியிலிருந்த ஜிங்க் தகட்டில், எவர்சில்வர் தொட்ட இடம் நெடுகிலும் வெள்ளை மாவு பூத்துத் துரு எட்டிப் பார்த்தது. சிவப்புத் தகடு பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் வெட்டிய விளிம்பிலிருந்து பெயிண்ட் தோல் உரிவது போலக் கிளம்பியிருந்தது.

மூன்றாவது அலுமினியம். ஸூலுவான் முகத்தில் வெற்றியை நான் முன்கூட்டியே பார்த்துவிட்டேன். தகட்டைத் திருப்பினார்கள். கட்டியிருந்த இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக அரித்து, ஓரிடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது.

"பாத்தியா!" என்று கை தட்டினார் தியென்பாவ். "உன் அலுமினியம்! எல்லாரும் பாத்துக்குங்க!"

ஸூலுவான் தகட்டுக்குப் பக்கத்தில் குனிந்தாள். பிறகு அந்தக் கம்பியைத் தொட்டாள். பச்சை பூத்திருந்தது. "யோவ்" என்றாள் கணவனிடம். "இத எதால கட்டின?"

"படகுல கிடந்த செம்புக் கம்பி. நல்ல கம்பிதானே..."

"செம்பா! அலுமினியத்துக்குச் செம்பா! அதோட சேர்ந்தா உப்புத்தண்ணியில அலுமினியம் உருப்படுமாய்யா?" என்று அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டு, அப்படியே தியென்பாவ் பக்கம் திரும்பினாள். "ஆமா தலைவரே, என்னுதும் தோத்துச்சு. தோத்தது இங்க, சட்டத்துல. உங்களுது எங்க தலைமேல தோத்திருக்கும். நான் இதத்தான் கேட்டேன். முதல்ல பாக்கணும்னு கேட்டேன்!"

ஜுன்ஹோங் அந்த ஸ்க்ரூத் தலையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். "மாமா, நான் எத்தனையோ கூரை போட்டிருக்கேன்" என்றான் மெதுவாக. "போட்டுட்டு அடுத்த படகுல ஏறிடுவேன். திரும்பி வந்து ஒண்ணைக்கூடப் பாத்ததில்ல."

மாமனாருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மருமகனே சொன்ன பிறகு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றே முடிவானது. கூரைத் தகடு அலுமினியமும் ஜிங்க்கும் கலந்து பூசியது. ஓரத்தகடு இரண்டு பக்கமும் பெயிண்ட் அடித்த கனமான அலுமினியம், விளிம்பு உள்ளே மடித்தது. தகட்டோடு நேராக ஒட்டாதபடி ரப்பர் வாஷர் வைத்து நல்ல எவர்சில்வர் ஸ்க்ரூ, கடல் பக்கத்தில் நெருக்கி நெருக்கி. நீளத்தகடு வெயிலில் விரியுமே என்று துளையை நீட்டி வெட்டச் சொன்னது ஜுன்ஹோங். கொட்டகைக்கு அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும், அதைக் கமிட்டிக்காரர்கள் முறை வைத்துச் செய்ய வேண்டும் என்று சேர்த்தது நான். பேர் பொறிப்பது கிடையாது.

வேலை நடந்தபோது ஸூலுவான் மீன் சட்டியை விட்டுவிட்டு ஏணிக்குக் கீழேயே நின்றாள். ஒருவன் மேலே சக்கர மெஷினால் தகடு வெட்ட ஆரம்பித்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "நிறுத்துறா! தீப்பொறி போய் உக்காந்த இடமெல்லாம் துருப் புள்ளி! கத்தரிக்கோல் எடு!" அவன் பயந்து கத்தரியை எடுத்தான்.

மாசூ பிறந்தநாள் விருந்து. புதிய கொட்டகையின் கீழ் மேஜைகள் நிறைந்திருந்தன. அக்கம்பக்கத் தீவுகளிலிருந்தும் ஆட்கள். நாங்கள் அடுப்போரத்தில் மீன் உருண்டை சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தோம். தியென்பாவ் மைக்கைப் பிடித்தார். அம்மாவின் அருள் என்றார், ஊரின் ஒற்றுமை என்றார், மருமகனின் திறமை என்றார். "பழைய கொட்டகைய வானம் கோவத்துல எடுத்துக்கிச்சு. அந்தப் புயல்ல..."

"தலைவரே." ஸூலுவான் கரண்டியோடு நடுவில் வந்து நின்றாள். "அத மட்டும் சரியாச் சொல்லிடுங்க."

அவர் பேச்சைத் தொடரப் பார்த்தார். நான் கரண்டியைச் சட்டியில் வைத்தேன். என் பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள். வரிசையாகச் சத்தம் கேட்டது. கடைசியில் அவர் மனைவியும் வைத்தாள். மேஜைகளில் தலைகள் அடுப்புப் பக்கம் திரும்பின.

தியென்பாவ் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். அவரைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனாலும் அந்த நேரத்தில் அவர் திடீரென்று கிழவராகத் தெரிந்தார். "கொட்டகை போட்டதுக்கப்புறம் நாங்க யாரும் மேல ஏறிப் பாக்கல" என்றார். "தகடு இத்துப் போயிருந்துச்சு. புயல் அடிக்கும்போது யுங்ச்சாங்க வெளிய போகச் சொன்னது நான். அது வானம் இல்ல. நாங்க."

யாரும் கைதட்டவில்லை. கைதட்டுகிற விஷயமும் இல்லை. யுங்ச்சாங் இடக்கையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோள் குலுங்கியது. ஸூலுவான் அவன் பக்கத்தில் போய் உட்காரவில்லை. கண்ணைத் துடைத்தால் ஊர் பார்க்கும் என்றோ என்னவோ, நேராக அடுப்புக்கு வந்து எங்கள் மேல் எரிந்து விழுந்தாள். "என்னடி நிக்கிறீங்க? ஊத்துங்க!"

யுங்ச்சாங்கின் விரல்கள் இன்னும் மூடவில்லை. இடக்கையால் குச்சி பிடித்துச் சாப்பிடப் பழகிவிட்டான். படகில் இல்லை, கரையில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை. கடலுக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது அவன் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன். தியென்பாவ் மைக்கில் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அதற்கு ஈடாகாது. அது ஸூலுவானுக்கும் தெரியும்.

அந்த வருஷக் கோடையில் அடுத்த புயல் வந்தது. யாரையும் யாரும் வெளியே அனுப்பவில்லை. மறுநாள் காலையில் கதவைத் திறந்து பார்த்தோம். கோயில் ஓரத்தகடு இருந்த இடத்தில் இருந்தது. ஆனால் தெருவில் பச்சை நிறத்தில் வேறொரு நீளத்தகடு முறுக்கிக்கொண்டு கிடந்தது. பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகையுடையது.

ஸூலுவான் கஞ்சிக் கிண்ணத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய் அதைக் காலால் புரட்டினாள். அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். அதே பழுப்புச் சல்லடை. பிறகு கடையில் மீன் சுத்தம் செய்யப் போடும் கனமான கையுறையை மாட்டிக்கொண்டு, அந்தத் தகட்டின் ஒரு முனையைத் தூக்கினாள்.

"ச்சின்ஹுவா, அந்த முனையப் புடி."

"எங்கடி?"

"பள்ளிக்கூடத்துக்கு. ஹெட்மாஸ்டர் இந்நேரம் வந்திருப்பாரு."

நானும் என் கஞ்சியை வைத்துவிட்டுப் போய் மறுமுனையைப் பிடித்தேன்.